சாஃப்ட் ஹேக்கிள் வெட் ஃப்ளை கலவைப் பெட்டி: டிரவுட் தூண்டிலுக்கான ஒரு மதிப்புரை

டிரவுட் மீனைப் பிடிக்கப் பூச்சிபோல் முள்ளில் கட்டும் செயற்கை இரைகளான ஃப்ளைகளில் மிகக் குறைந்த பொருள்களைக் கொண்டு கட்டப்படுபவற்றுள் ஒன்று சாஃப்ட் ஹேக்கிள் வெட் ஃப்ளை, அதாவது கழுத்தில் மெல்லிய இறகு சுற்றிய, நீருக்குள் மூழ்கும் ஃப்ளை. ஒரு தூண்டில் முள், சாண் அளவு பட்டுநூல், பறவையின் மெல்லிய இறகு ஒன்று ஆகிய மூன்றும் இருந்தால் போதும். பெரும்பாலானவற்றில் வாலோ, இறக்கையோ, எடைக்குச் சேர்க்கும் உலோக மணியோ கிடையாது. இவ்வளவு எளிய ஒன்றைக் கட்டி விற்பதில் பிழை நேர வாய்ப்பே இல்லை என்று தோன்றலாம். உண்மையில் பொருள்கள் குறையக் குறைய, அவை ஒவ்வொன்றின் தரமும் அளவும் பன்மடங்கு முக்கியமாகிவிடுகின்றன. இறகு ஒரு சுற்று கூடினாலும், நூல் ஓர் அடுக்கு தடித்தாலும் ஃப்ளையின் இயல்பே மாறிவிடுகிறது. தயாராகக் கட்டி விற்கப்படும் ஐந்து வகை சாஃப்ட் ஹேக்கிள்கள் அடங்கிய கலவைப் பெட்டி ஒன்றை ஒரு பருவம் முழுவதும் ஓடும் நீரில் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பெட்டியில் இரண்டு வகைகள் மிக நன்றாக இருக்கின்றன, இரண்டு வகைகளைக் கத்தரிக்கோல் வைத்துத் திருத்தியோ இடம் பார்த்தோ பயன்படுத்த வேண்டியிருக்கிறது, ஒன்று வாங்கத் தகுந்ததல்ல.

பெட்டியில் இருப்பவை பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், பார்ட்ரிட்ஜ் அண்ட் யெல்லோ, ஸ்நைப் அண்ட் பர்ப்பிள், ஹேர்ஸ் இயர் சாஃப்ட் ஹேக்கிள், பிளாக் ஸ்பைடர் ஆகியவை. ஒவ்வொன்றும் 12, 14, 16 ஆகிய மூன்று முள் அளவுகளில் தரப்பட்டிருக்கிறது. எண் கூடக் கூட முள் சிறிதாகும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தேர்வு என்ற அளவில் இதைவிடப் பொருத்தமான ஐந்து வகைகளைச் சொல்வது கடினம். இவற்றில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் வடபகுதியில், குறிப்பாக யார்க்‌ஷயர் பள்ளத்தாக்குகளில் ஓடும் வேகமான, கல் நிறைந்த ஆறுகளுக்காக உருவானவை. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் ஸ்பைடர் எனப்படும் இவ்வகை ஃப்ளைகளில் தமது மூன்றை எழுத்தில் வைத்தார். யார்க்‌ஷயரில் வழங்கிவந்த வகைகளை டி. இ. பிரிட் 1885இல் தொகுத்தார். அமெரிக்காவில் ஜேம்ஸ் லைசன்ரிங் 1941இலும், சில்வெஸ்டர் நீம்ஸ் 1975இலும் இந்த மரபை எடுத்து எழுதிய பிறகே அந்நாட்டு ஆறுகளில் இது மீண்டும் பரவலாயிற்று. இந்த வரலாற்றை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. இவற்றின் கட்டுமுறைகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எழுத்தில் இருப்பவை. எது எவ்வளவு இருக்க வேண்டும் என்பதில் ஐயத்திற்கு அதிக இடமில்லை. ஆகவே விற்பனைக்கு வரும் ஃப்ளையை அந்த முறைகளோடு வைத்து ஒப்பிடுவது நியாயமான அளவுகோலே.

மதிப்பிடுவதற்கு முன் இந்த ஃப்ளை எதைப் போலத் தோற்றமளிக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. மேஃபிளை, கேடிஸ் போன்ற நீர்ப்பூச்சிகள் தங்கள் இளம்பருவத்தை ஆற்றின் அடியில் கழித்துவிட்டு, முதிர்ந்ததும் மேற்பரப்பை நோக்கி எழுகின்றன. அந்த எழுச்சியின்போது அவற்றின் பழைய தோல் தளர்ந்து, அதற்கு அடியில் நுண்ணிய வாயுப்படலம் மின்ன, கால்கள் உதறிக்கொண்டிருக்கும். தப்பிக்கத் திறனற்ற அந்த நிலையில்தான் டிரவுட் அவற்றை அதிகமாகத் தின்கிறது. மேற்பரப்பில் வட்டம் எழும்பினால் மீன் மிதக்கும் பூச்சியைத் தின்கிறது என்று கருதிவிடுகிறோம். பல நேரங்களில் அது மேற்பரப்புக்கு ஒரு சாண் கீழே எழுந்துவரும் பூச்சியை மறித்துவிட்டுத் திரும்பும் மீனின் உடல் கிளப்பிய அலையே. போதாததற்கு, பேட்டிஸ் இனத்தின் சில பெண் மேஃபிளைகள் முட்டையிடுவதற்காகக் கல்லைப் பற்றிக்கொண்டு நீருக்குள்ளேயே இறங்கிச் செல்கின்றன. முட்டையிட்டபின் நீரோட்டத்தில் அடித்துச் செல்லப்படும் அவையும் மீனுக்கு இரையாகின்றன. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தோற்றம் ஒன்றுதான்: ஒல்லியான உடல், அதைச் சுற்றி அசைந்துகொண்டே இருக்கும் மெல்லிய உறுப்புகள். சாஃப்ட் ஹேக்கிள் தருவது அந்த அசைவையே. ஒரு குறிப்பிட்ட பூச்சியை அது நுணுக்கமாகப் படியெடுப்பதில்லை, அதனால்தான் ஒரே ஃப்ளை பல பூச்சிகளின் எழுச்சிக்கும் ஈடுகொடுக்கிறது.

இதிலிருந்து ஒன்று விளங்கும். உலர்ந்த நிலையில் பெட்டிக்குள் கிடக்கும் ஃப்ளையைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்ல இயலாது. நன்றாகக் கட்டிய சாஃப்ட் ஹேக்கிள், உலர்ந்திருக்கும்போது வேலை பாதியில் நின்றுபோனதைப் போலத் தெரியும். பத்துப் பன்னிரண்டு இழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீட்டிக்கொண்டிருக்க, உடல் வெறும் நூல் சுற்றாகவே இருக்கும். வாங்குபவரின் கண்ணுக்கு இது ஏமாற்றமளிக்கும் என்று அஞ்சித்தான் பல தயாரிப்பாளர்கள் இறகைக் கூடுதலாகச் சுற்றி, உடலை உருட்டி, தலையைப் பெரிதாக்கிவிடுகிறார்கள். இந்தப் பெட்டியிலும் சிறிய அளவுகளில் அந்தக் குறை இருக்கிறது. வாங்கியவுடன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, கண்ணாடிக் குவளை நீரில் மூழ்கவைத்து, மெல்ல இழுத்தும் நிறுத்தியும் பார்க்க வேண்டும். இழுக்கும்போது இழைகள் உடலோடு படிந்து, நிறுத்தியதும் தாமாகவே விரிய வேண்டும். அந்த விரிதலை ஃப்ளையின் மூச்சு என்று சொல்லலாம். இழைகள் விரியாமல் ஒட்டிக்கிடந்தால் இறகு அளவுக்கு மிஞ்சி மென்மையாக இருக்கிறது. படியாமல் விறைத்து நின்றால் இறகு கடினமாகவோ மிகையாகவோ இருக்கிறது.

இந்தச் சோதனையில் முதலிடம் பெறுவது 12, 14 அளவுகளில் உள்ள பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச். உடலுக்கு ஆரஞ்சு நிறப் பட்டுநூல், கழுத்துக்கு ஐரோப்பியக் கௌதாரியின் முதுகிலிருந்து எடுத்த பழுப்புப் புள்ளி இறகு, அவ்வளவுதான். உலர்ந்திருக்கையில் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் பார்ப்பவரைத் தயங்கச் செய்யும், ஏனெனில் இயற்கையில் அப்படியொரு பூச்சி கண்ணில் படுவதில்லை. நீரில் நனைந்த மறுகணம் பட்டு அந்தப் பளிச்சிடலை இழந்து, உள்ளே வெளிச்சம் ஊடுருவும் செம்பழுப்பாக மாறுகிறது. நூலுக்கு அடியிலுள்ள முள்ளின் கருமையும் அந்த நிறத்தோடு கலந்துவிடுகிறது. பூச்சியின் தோல் வழியே உள்ளுடல் தெரிவதைப் போன்ற இந்தத் தோற்றம் பட்டுநூலுக்கே உரியது. நைலான், பாலியெஸ்டர் நூல்கள் நனைந்தாலும் ஏறக்குறைய அதே நிறத்தில் இருந்துவிடுகின்றன. இந்த வகையில் தயாரிப்பாளர் உண்மையான பட்டையே பயன்படுத்தியிருக்கிறார். நனைத்துப் பார்த்தால் ஐயமின்றித் தெரிகிறது. உடல் ஒற்றை அடுக்காகச் சீராகச் சுற்றப்பட்டு, முள்முனைக்கு நேர்மேலே நின்றுவிடுகிறது. வளைவு வரை இறக்கிச் சுற்றாமல் உடலைக் குறுகலாக நிறுத்துவது பழைய கட்டுநர்களின் வழக்கம். ஃப்ளை சிறிய பூச்சியாகத் தோன்றும், முள்ளோ பெரியதாகவே இருந்து மீனை உறுதியாகப் பற்றும். இறகு ஒன்றரைச் சுற்று மட்டுமே. இழைகளின் நீளம் முள்வளைவைச் சற்றே கடந்து நிற்கிறது. இதைக் கட்டியவருக்குக் கைப்பழக்கம் நிறைய இருக்கிறது.

அதே வகையின் 16ஆம் அளவைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. கௌதாரி இறகில் ஓர் இயல்பான சிக்கல் இருக்கிறது: சிறிய முள்ளுக்கு ஏற்ற குறுகிய இழை கொண்ட இறகுகள் ஒரு பறவையின் தோலில் மிகச் சிலவே கிடைக்கும். அனுபவமுள்ளவர்கள் கழுத்துப் பகுதியின் மிகச் சிறிய இறகுகளைத் தேடி எடுப்பார்கள்; இல்லையென்றால் பெரிய இறகிலிருந்து இழைகளை மட்டும் பிரித்தெடுத்து, தலையைச் சுற்றிப் பரப்பி நூலால் கட்டுவார்கள். பெட்டியில் அந்த இரண்டும் செய்யப்படவில்லை. 12க்கு உரிய இறகையே 16க்கும் சுற்றியதால் இழைகள் முள்ளின் நீளத்தைப்போல் இரு மடங்கு நீண்டு பின்னால் தொங்குகின்றன. மீன் அவற்றின் நுனியைக் கவ்விவிட்டுப் போய்விடும். முள் வாய்க்குள் செல்லாது. இழைகளைக் கத்தரியால் நறுக்கக்கூடாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். இயற்கையாக மெலிந்து முடியும் நுனிதான் நீரில் அசைகிறது. நறுக்கிய நுனி குச்சிபோல் நின்றுவிடும். செய்யக்கூடியது, அதிகப்படி இழைகளை அடியோடு வெட்டி எண்ணிக்கையைக் குறைப்பது மட்டுமே. நீளத்துக்கு மாற்று இல்லை.

பார்ட்ரிட்ஜ் அண்ட் யெல்லோவில் வருத்தம் தருவது நூல். மெழுகிட்ட மஞ்சள் பட்டு நனைந்தால் இளம் ஆலிவ் நிறத்துக்கு வரும். வெளிர்நிற மேஃபிளைகள் எழும் மாலைகளில் அந்த நிறம்தான் இந்த ஃப்ளையின் பலம். பெட்டியில் உள்ளதில் மஞ்சள் நூல் செயற்கை இழையாக இருக்கிறது. நீரில் போட்டாலும் எலுமிச்சை மஞ்சள் மாறுவதில்லை. ஆரஞ்சு வகைக்குப் பட்டும் மஞ்சள் வகைக்குச் செயற்கை நூலும் ஏன் என்பது விளங்கவில்லை. உறையின் மேல் எல்லா வகைகளுக்கும் பட்டு என்றே அச்சிடப்பட்டிருக்கிறது என்பதால் இதை வெறும் சிக்கனமாக எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. மீன் இதைத் தொடுவதே இல்லை என்று சொல்லமாட்டேன். கலங்கிய நீரில் பளிச்சென்ற உடல் சில நேரம் உதவுகிறது. தெளிந்த, ஆழமற்ற நீரில் ஆரஞ்சு வகையையும் இதையும் ஒரே லீடரில் (லைனின் முனையில் சேர்க்கும் மெல்லிய நூலில்) கட்டி விட்டபோது மீன்கள் திரும்பத் திரும்ப ஆரஞ்சையே எடுத்தன.

ஸ்நைப் அண்ட் பர்ப்பிள் பெட்டியின் மிக மெல்லிய ஃப்ளை. ஊதாப் பட்டு, உள்ளான் இறக்கையின் வெளிப்புறத்துக் கருஞ்சிறகு. குளிர்காற்று வீசும் மங்கலான நாள்களில் எழும் அயர்ன் புளூ என்ற கருநிறச் சிறு மேஃபிளைக்கு நிகராக இதைப் பயன்படுத்துவது வட இங்கிலாந்து வழக்கம். மற்றப் பூச்சிகள் அடங்கியிருக்கும் அத்தகைய நாள்களில் மீன் வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்காமல் இதை மட்டும் எடுப்பதைக் காணலாம். இந்த இறகின் தண்டு மிக நொய்மையானது என்பதால் கட்டும்போதே அறுந்துவிடும்; பெட்டியில் உள்ளவை அழகாகவும் அளவாகவும் கட்டப்பட்டிருக்கின்றன, 16ஆம் அளவும் குறையில்லை. மீனின் பல் பட்டால் இறகு சீக்கிரம் சிதைகிறது என்பது மட்டுமே குறை. தண்டின் குறுக்கே ஒருமுறை நூலை ஓட்டிவிட்டுத் தலையை முடித்திருந்தால் இன்னும் உழைத்திருக்கும்.

எந்த ஃப்ளையை முதலில் கட்டுவது என்று குழம்பும் நீரில் நான் கைவைப்பது ஹேர்ஸ் இயர் சாஃப்ட் ஹேக்கிளில். காட்டுமுயலின் காது, முகப் பகுதிகளின் மயிரைத் திரித்து உடலாக்கி, மெல்லிய பொன்னிறக் கம்பியை எதிர்த்திசையில் சுற்றி, இறகுக்குப் பின்னால் மார்புப் பகுதியைச் சற்றுத் தடிமனாக விட்டிருக்கிறார்கள். அந்தத் தடிமன் அலங்காரத்துக்கு உரியதல்ல. வெறும் பட்டுடல் கொண்ட ஃப்ளையை வேகமான ஓட்டத்தில் இழுத்தால் இழைகள் முற்றிலும் பின்னால் படிந்து, உடலோடு ஒட்டி, ஃப்ளை ஓர் ஊசியாகிவிடும். மார்பில் மயிர்த்திரள் இருந்தால் இழைகள் அதன்மேல் சாய்ந்து நின்று, ஓட்டம் எவ்வளவு வேகமாக இருந்தாலும் ஓரளவு விரிந்தே இருக்கும். ஓட்டத்தின் ஒவ்வொரு தளர்ச்சிக்கும் அசைந்துகொடுக்கும். கூடவே முயல்மயிரின் சிக்கலுக்குள் நுண்ணிய காற்றுக்குமிழிகள் தங்கி, எழும் கேடிஸ் கூட்டுப்புழுவின் மினுமினுப்பைத் தருகின்றன. கம்பி எதிர்த்திசையில் சுற்றப்பட்டிருப்பதால் மயிர் கழன்று வருவதில்லை. முழங்கால் ஆழத்தில் கற்கள்மேல் சலசலத்து ஓடும் நீருக்கு மூன்று அளவுகளும் அப்படியே பயன்படுத்தத் தகுந்தவை. பல மீன்களின் பற்களைக் கண்ட பிறகும் 14ஆம் அளவில் ஒன்று இன்னும் வேலை செய்கிறது. உடல் சற்றுக் கலைந்திருக்கிறது, கலைந்த பிறகு இன்னும் நன்றாகவே எடுக்கிறது.

பிளாக் ஸ்பைடரைத்தான் ஏற்க முடியவில்லை. ஸ்டூவர்ட்டின் பெயரோடு சேர்ந்து வழங்கும் இந்த ஃப்ளையின் உயிரே இறகு சுற்றும் முறையில் இருக்கிறது. பழுப்பு நிறப் பட்டு உடல். ஸ்டார்லிங் பறவையின் பளபளக்கும் கரிய இறகு. அந்த இறகைத் தலைக்கு அருகில் நெருக்கமாகச் சுற்றி நிறுத்தாமல், நூலோடு சேர்த்து முறுக்கி, உடலின் முன்பாதி வரை இடைவெளிவிட்டு இறக்கிச் சுற்ற வேண்டும். அப்போதுதான் இழைகள் பல இடங்களிலிருந்து எல்லாத் திசைகளிலும் நீட்டிக்கொண்டு, உடலின் பாதியே அசைவதாகத் தோன்றும். நூலோடு முறுக்கியதால் இறகு எளிதில் அறுவதுமில்லை. பெட்டியில் இருப்பதோ, கருநூல் உடலின் தலையில் சேவலின் கழுத்திறகை நான்கைந்து சுற்று சுற்றிய ஒன்று. சேவல் இறகு மிதக்கும் ஃப்ளைகளுக்கானது. நீரை விலக்கி விறைப்பாக நிற்பதே அதன் குணம். குவளை நீரில் இதை இழுத்தாலும் நிறுத்தினாலும் ஒரு மாற்றமும் இல்லை. ஆற்றில் மூழ்குவதற்கே அடம்பிடித்து மேற்பரப்பைக் கீறிக்கொண்டு போகிறது. சாஃப்ட் ஹேக்கிள் என்ற பெயரில் இதை விற்பது வாங்குபவருக்குச் செய்யும் அநீதி. முக்கியமாக, இந்த முறைக்குப் புதிதாக வருபவர் முதலில் இதை எடுத்துக் கட்டிவிட்டால், மீன் கிடைக்காத பழியை முறையின் மேலேயே சுமத்திவிட்டு விலகிப்போவார்.

முட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கண் (நூல் கோக்கும் துளை) கீழ்நோக்கி வளைந்த, சாதாரண வெட் ஃப்ளை முட்கள். கூர்மை நன்றாக இருக்கிறது, வளைவு திறந்து மீன் தப்பியதாக நினைவில்லை. முட்பல் (முனைக்குப் பின்னால் எதிர்ப்புறம் நீளும் சிறு கூர்) இருக்கிறது, குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிடுவது மீனுக்கும் நல்லது, கழற்றும் கைக்கும் நல்லது. பல ஃப்ளைகளில் தலையில் பூசிய வார்னிஷ் கண்துளையை அடைத்திருக்கிறது. கரையில் வெளிச்சம் குறைந்துவரும் வேளையில் அடைபட்ட துளையோடு போராடுவது பெரும் தொல்லை என்பதால், வீட்டிலேயே ஊசியால் குத்தித் திறந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

ஃப்ளை எவ்வளவு நன்றாகக் கட்டப்பட்டிருந்தாலும் அதை நீரில் விடும் முறை தவறினால் பயனில்லை என்பதால், இந்தப் பெட்டியை எப்படிப் பயன்படுத்தி மதிப்பிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். பத்து அடி நீளமுள்ள, மென்மையாக வளையும் தூண்டில் கழி. மிதக்கும் 4ஆம் எண் லைன் (ஃப்ளையை வீச உதவும் கனமான நூல்). ஒன்பது அடி லீடர். நுனியில் 4எக்ஸ் அல்லது 5எக்ஸ் டிப்பெட் என்ற மெல்லிய கடைசி நூல், அதாவது ஏறத்தாழ 0.18 அல்லது 0.15 மில்லிமீட்டர் தடிமன். ஃப்ளையை ஆற்றின் குறுக்கே, ஓட்டத்தின் திசையில் சுமார் 45 பாகைச் சாய்வில் வீச வேண்டும். வீசியதும் நடு ஓட்டம் லைனின் வயிற்றைப் பிடித்துக் கீழே இழுக்கத் தொடங்கும். அப்படி விட்டால் ஃப்ளை எந்தப் பூச்சியும் நீந்தாத வேகத்தில் குறுக்கே பாயும். உடனே கழியை உயர்த்தி லைனை மட்டும் ஓட்டத்துக்கு எதிராகப் புரட்டிப் போட வேண்டும். மெண்ட் எனப்படும் இந்தப் புரட்டலைத் தேவைக்கேற்ப மறுபடியும் செய்து, ஃப்ளை நீரின் வேகத்தைவிடச் சற்றே மெதுவாக வளைந்து வருமாறு பார்த்துக்கொள்வதில்தான் முழுத் திறமையும் அடங்கியிருக்கிறது. லைன் நேராகி, ஓட்டத்தில் நமக்குக் கீழே தொங்கியதும் எடுத்துவிடக்கூடாது. அந்த இடத்தில் ஃப்ளை அடியிலிருந்து மேற்பரப்பை நோக்கி எழுகிறது. பின்தொடர்ந்து வந்துகொண்டிருக்கும் மீன் அங்கேதான் முடிவெடுக்கிறது. நிதானமாக மூச்சை இழுத்து விடும் நேரமாவது அங்கே தொங்கவிட வேண்டும்.

மீன் எடுக்கும் விதமும் மற்ற முறைகளிலிருந்து வேறுபடுகிறது. லைன் இறுகியிருக்கும்போது மீன் ஃப்ளையைக் கவ்வித் திரும்பினால் கழியில் வெட்டென்று ஓர் உதறல் தெரியும். உடனே இழுக்க வேண்டும் என்று கை துடிக்கும். அப்போது இழுத்தால், ஓட்டத்தை எதிர்நோக்கி நிற்கும் மீனின் வாயிலிருந்து முள் நேராக வெளியே வந்துவிடும். கழிநுனியைச் சற்று உயர்த்திப் பிடித்து, நுனிக்கும் நீருக்கும் இடையே லைன் தளர்வாகத் தொங்குமாறு வைத்துக்கொண்டால், மீன் அந்தத் தளர்வை இழுத்துக்கொண்டு திரும்பும். அதன் எடையிலேயே முள் வாயோரத்தில் ஏறும். அதன்பிறகு கழியை மெல்லத் தூக்கினால் போதும். மென்மையாக வளையும் கழியைப் பரிந்துரைப்பதற்கும் காரணம் இதுவே. விறைப்பான கழி அந்தச் சிறு அவகாசத்தை மீனுக்குத் தருவதில்லை.

மீன் நிற்கும் இடம் உறுதியாகத் தெரிந்தால் லைசன்ரிங்கின் முறை சிறப்பானது. ஃப்ளையை அந்த இடத்துக்கு நன்றாக மேலே, ஓட்டத்துக்கு எதிராக வீசி, இழுவையின்றி மூழ்கவிட்டு, மீனுக்குச் சற்று முன்னால் வந்ததும் கழியின் நகர்வை நிறுத்திவிட வேண்டும். லைன் இறுகும், ஓட்டம் ஃப்ளையைத் தானே மேலே தூக்கும், இழைகள் விரியும். பட்டுடல் ஃப்ளையைவிட ஹேர்ஸ் இயர் இதற்குப் பொருந்துகிறது, ஏனெனில் நனைந்த மயிர் விரைவில் மூழ்குகிறது. ஸ்டூவர்ட் வலியுறுத்திய, ஓட்டத்துக்கு எதிராகக் குறுகிய தூரம் வீசும் முறையும் சிற்றோடைகளில் அருமையாக வேலை செய்கிறது. மீனுக்குப் பின்னால் நிற்பதால் அது நம்மைக் காண்பதில்லை. அங்கே கவ்வலைக் கையால் உணர முடியாது, லைன் ஒரு கணம் தயங்குவதைக் கண்ணால் பிடிக்க வேண்டும்.

ஒரே லீடரில் மூன்று ஃப்ளைகளை இரண்டடி இடைவெளியில் கட்டுவது பழைய வழக்கம். இந்தப் பெட்டியில் நான் கண்ட நல்ல வரிசை, நுனியில் ஹேர்ஸ் இயர், நடுவில் பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், மேல் டிராப்பரில் (லீடரிலிருந்து கிளையாகப் பிரியும் குறுநூலில்) ஸ்நைப் அண்ட் பர்ப்பிள். கனமானது நுனியில் இருந்தால் மற்ற இரண்டும் வெவ்வேறு ஆழங்களில் ஓடும், மீன் எந்த ஆழத்தில் எதை விரும்புகிறது என்பது விரைவில் தெரிந்துவிடும். நூல் சிக்கலுக்கு அஞ்சுபவர்கள் இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். சில ஆறுகளில் ஒரு முள்ளுக்கு மேல் கட்ட விதி இடம்தராது. அதை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வது கடமை.

இந்தப் பெட்டி எல்லா நீருக்கும் போதாது. ஆழ்ந்த மடுக்களின் அடியில் அசையாமல் கிடக்கும் குளிர்கால மீன்களுக்கு எடை சேர்த்த நிம்ஃப்தான் (நீரடியில் வாழும் இளம்பூச்சிபோல் கட்டிய ஃப்ளை) தேவை. எடையற்ற இந்த ஃப்ளைகள் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேரா. கண்ணாடிபோல் நகரும் மெதுவான நீரில் மீன் நின்று நிதானித்துப் பார்க்கும் என்பதால் ஃப்ளையின் குறைகள் அதற்குத் தெரிந்துவிடுகின்றன. கோடையில் நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸை நெருங்கும்போது எந்த ஃப்ளையையும் போடாமல் இருப்பதே முறை. உயிர்வளி குறைந்த அந்த நீரில் போராடிக் களைத்த டிரவுட்டைத் திரும்ப விட்டாலும் பிழைக்கும் வாய்ப்பு குறைகிறது.

பராமரிப்பில் இந்த வகை ஃப்ளை சற்றுக் கவனம் கேட்கிறது. பெட்டியின் நுரைத்தட்டு நெருக்கமான பிளவுகளைக் கொண்டது. பக்கத்து ஃப்ளையின் அழுத்தத்தில் இழைகள் மடங்கிப்போகின்றன. மடங்கியவற்றை இடுக்கியால் பிடித்துக் கொதிக்கும் கெண்டியின் ஆவியில் சில விநாடிகள் காட்டினால் பழைய நிலைக்கு விரிந்துவிடும். நனைந்த ஃப்ளைகளை உலர்த்தாமல் மூடிவைத்தால் முள் துருப்பிடித்து, அந்தக் கறை பட்டுநூலில் ஏறிவிடும். தலைநூல் தளர்ந்தால் ஒரு துளி வார்னிஷ் போதும். இறகு முழுவதும் போய்விட்டாலும் உடல் நன்றாக இருந்தால் எறிய வேண்டியதில்லை, புதிய இறகு ஒன்றைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளலாம். பிளாக் ஸ்பைடர்களைக்கூட அந்த வகையில் காப்பாற்றலாம்: சேவல் இறகையும் கருநூலையும் உரித்தெடுத்துவிட்டு, முள்ளை மட்டும் வைத்துக்கொண்டு, பழுப்புப் பட்டும் ஸ்டார்லிங் இறகும் கொண்டு ஸ்டூவர்ட்டின் முறையில் மீண்டும் கட்டிப் பயன்படுத்துகிறேன்.

தயாரிப்பாளர் அடுத்த பதிப்பில் 16ஆம் அளவுக்குத் தகுந்த சிறிய இறகைத் தேடிப்பிடிக்க வேண்டும், மஞ்சள் வகைக்கும் பட்டையே பயன்படுத்த வேண்டும், பிளாக் ஸ்பைடரை முறைப்படி கட்ட வேண்டும் அல்லது அதன் இடத்தில் தாழைக்கோழி இறகால் கட்டும் வாட்டர்ஹென் புளோவாவைச் சேர்க்க வேண்டும். அதுவரை முழுப் பெட்டியை வாங்குவதைவிட, ஹேர்ஸ் இயரையும் ஸ்நைப் அண்ட் பர்ப்பிளையும் எல்லா அளவுகளிலும், பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சை 12, 14 அளவுகளிலும் தனித்தனியாக வாங்கிக்கொள்வதே நல்லது. அதே தயாரிப்பாளர் அவற்றை உதிரியாகவும் விற்கிறார்.